சின்னவரின் இடது பக்கம்

தம்பி,

இந்த நேரத்துக்கு உட்கார்ந்து எழுதுவதற்கு அம்மாவை மன்னித்துக்கொள். மணி ஒன்றே கால். அப்பாவுக்கு நாளை முதல் ஷிஃப்ட், விடியுமுன்னே பொன்மலைக்கு வண்டியை எடுக்க வேண்டும். ஹாலில் லைட் போட்டால் அவர் தூக்கம் கெடும் என்று சமையலறை லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு, அதன் வெளிச்சம் வந்து விழுகிற இடத்தில், உன் மீன் தொட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிறேன். பின்பக்கப் பால்கனியில் டிரம்முக்குள் உப்புத் தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தம் உனக்குத் தெரியும். பகலில் மோட்டார் சத்தம்தான். இந்த நேரத்தில் கேட்டால் யாரோ சுவரைப் பார்த்து நின்றுகொண்டு தாழ்ந்த குரலில் பேசுவது போல இருக்கிறது. சற்று முன் அப்பாகூடத் தூக்கத்தில், "யாரு டி அங்க பேசறது?" என்று கேட்டுவிட்டுப் புரண்டு படுத்தார்.

இதைப் போனில் எழுத எனக்கு முடியவில்லை. பதினொரு நாளாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். நீ அப்பாவிடம் பேசுகிறாய், எனக்குத் தெரியும். "நல்லாத்தான் டி இருக்கான், கிளாஸுக்குப் போறான், மெஸ் சாப்பாடு சப்புன்னு இருக்காம். உன்கிட்டதான் பேச மாட்டேங்கறான்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். நான் அனுப்புவதை எல்லாம் நீ படிக்கிறாய், நீலக் குறி விழுகிறது. பதில் மட்டும் வருவதில்லை. போனில் எதை வேண்டுமானாலும் திருப்பிவிடலாம் என்று உனக்குக் காட்டிக்கொடுத்தவளே நான்தான். கையால் எழுதியதைத் திருப்பி வைக்க முடியாது என்பதால் காகிதத்தை எடுத்தேன். காலையில் அம்மா மண்டபம் ரோட்டுத் தபாலாபீஸில் ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன். கௌஹாத்திக்கு எத்தனை நாளில் வருமோ தெரியாது.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் மறுபடியும் அதே தப்பைச் செய்தவள் ஆவேன். சின்னவர் செத்துப்போய்விட்டார். நீ போய் ஏழாவது வாரம். கொன்றது நான். இப்போது தொட்டியில் பெரியவரோடு இருப்பது வேறு மீன்.

எப்படி என்று நீ கேட்பாய். நீ போகும்போது ஃப்ரிட்ஜ் மேல் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனாயே, அதை இப்போதும் எடுக்கவில்லை. 'உப்பில் தண்ணீரை ஊற்றாதே, தண்ணீரில் உப்பைப் போடு. ஃபில்டர் தண்ணீர் மட்டும். ஒரு நாள் முழுக்கச் சுற்றட்டும். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஐந்தில் ஒரு பங்கு மாற்று. தண்ணீர் கோட்டுக்குக் கீழே போனால் ஊற்று.' இவ்வளவுதான். நீ மார்க்கரால் கண்ணாடியில் போட்ட அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்தே எனக்கு விடியும். ஆடிக் காற்று உனக்குத் தெரியுமே, ஜன்னலைச் சாத்தினாலும் ஹால் முழுக்க மண்ணும் சூடும். ஒவ்வொரு நாள் காலையிலும் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் இறங்கியிருக்கும். ராத்திரி நாங்கள் தூங்கின பிறகு யாரோ வந்து, குனிந்து, ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போவது போல இருக்கும். தரையெல்லாம் தடவிப் பார்ப்பேன், ஈரம் இருக்காது. உன் தாளில் 'ஊற்று' என்று இருந்தது. எந்தத் தண்ணீர் என்று இல்லை. கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே என்று டிரம்மில் கலந்து வைத்ததை எடுத்துத் தினமும் கோடு வரைக்கும் ஊற்றினேன்.

உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். நான் ஊற்ற ஊற்ற உப்பின் மேல் உப்பு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. இதில் வெட்கம் என்னவென்றால் நான் வேதியியல் படித்தவள். அதைவிட வெட்கம், அதே வாரத்தில் சாயந்திர டியூஷனுக்கு வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, உப்புத் தண்ணீரைச் சூடாக்கினால் கிண்ணத்தில் என்ன மிஞ்சும் என்று படம் வரைந்து பாடம் எடுத்திருக்கிறேன். என் முதுகுக்குப் பின்னால்தான் உன் தொட்டி. அதன் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி பாடம் எடுத்தேன். உப்பு பார்க்க நீ வைத்துவிட்டுப் போன அந்தக் குழாயைக் கண்ணில் வைத்தால் எனக்குப் பாதி நீலமும் பாதி வெள்ளையும்தான் தெரிந்தது, எண் ஒன்றும் பிடிபடவில்லை. அதனால் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். அப்பா பார்த்துவிட்டு, "ஏன் டி, அது என்ன குழம்பா? உப்பு பாத்து எறக்கி வெக்கப் போறியா?" என்றார். இருவரும் சிரித்தோம். அன்றைக்கு நன்றாகச் சிரித்தோம் என்பதுதான் இப்போது ஞாபகம் வந்து வந்து குத்துகிறது.

உன் தாள் மேல் எந்தப் பழியும் இல்லை என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன், நீ அங்கே உட்கார்ந்து அதை நினைத்துக் குமையக் கூடாது. ஒன்று மட்டும் பின்னால் உனக்கு உதவும்: யாருக்காவது ஒரு வேலையை எழுதிக் கொடுத்தால், உனக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரியும் என்று விட்டுவிடாதே. சந்தேகம் வந்த உடனே கேட்காமல் இருந்தது என் தப்பு. 'எந்தத் தண்ணீர் டா?' என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். அம்மாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைப்பாயோ என்று கேட்கவில்லை. ஹாஸ்டலில் உன்னை விட வந்தபோது உன் ரூம் பையன் என்னை உன் அக்கா என்று நினைத்தானே, உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது, கடைசிப் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். உன் முன்னால் தெரியாதவளாக நிற்க எனக்கு அப்போதிலிருந்தே ஒரு பயம். நானும் உன்னோடு சேர்ந்துதானே வளர்ந்தேன்.

ஒரு நாள் காலை தொட்டியில் பெரியவர் மட்டும் நின்றார். கல்லின் பின்னால், ஃபில்டருக்குள், தொட்டிக்குப் பின்பக்கத் தரையில், சோபாவுக்கு அடியில் எல்லாம் தேடினேன். குதித்துவிடும் என்று நீ சொல்லியிருந்தாயே. எங்கும் இல்லை. தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, வளர்ப்பு மீன் விற்கும் புத்தூர் பாய் கடைக்குப் போனேன். அவர் கருவியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது, கருவாடு போடற தண்ணியைக் கொண்டாந்திருக்கீங்க!"

"பாய், மீனையே காணோம். உடம்புகூடக் கிடைக்கல."

"தேடாதீங்கம்மா. இவ்ளோ உப்பு ஏறினா மொதல்ல சின்னதுதான் போகும். போனா அந்தக் கல்லுக்குள்ள இருக்குற புழு, நண்டுக்குஞ்செல்லாம் ராவோட ராவா முடிச்சிடும். முள்ளுகூட மிஞ்சாது. இனிமே குறையறதுக்கு வெறும் ஃபில்டர் தண்ணிதான் ஊத்தணும். மெதுவாம்மா. ஒரே நாள்ல எறக்கினீங்கன்னா இருக்கறதும் போயிரும்."

வீட்டுக்கு வந்து அந்தக் கல்லைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ நாள் அதன் அழகைப் பார்த்திருக்கிறேன். அன்று அதில் எத்தனை ஓட்டைகள் என்று முதன்முதலாகப் பார்த்தேன். எல்லா ஓட்டையும் என்னைப் பார்த்தபடி இருந்தன. பெரியவர் மட்டும் சின்னவர் தூங்கும் வலது மூலையிலேயே நின்றார், அன்றைக்கும் மறுநாளும். தீனி போட்டால் மேலே வந்து ஒரு வாய் தின்றுவிட்டு அங்கேயே போய்விடுவார்.

அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். உனக்கு இன்டர்னல் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். தம்பி, அந்த வார்த்தையை எழுதும்போதே கை கூசுகிறது.

போன பங்குனியை நாம் இருவரும் ஒருமுறையாவது முழுசாகப் பேசியிருக்கிறோமா? உனக்கு ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ் முடிந்து கெமிஸ்ட்ரிக்கு இடையில் நான்கு நாள் இருந்தது. முதல் நாள் ராத்திரியே துறையூரிலிருந்து போன் வந்தது. பெரம்பலூர் ரோட்டில் லோடு வண்டி கவிழ்ந்து உன் மாமா போய்விட்டான். என் தம்பி. உன்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிடாதவன், எப்போதும் மாப்ள. நாகப்பட்டினத்துக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு போனால் திரும்பும்போது வெறும் வண்டியில் கேன் கேனாகக் கடல் தண்ணீர் பிடித்து வருவானே. உப்புப் பாக்கெட் வாங்கிக் கலப்பதற்கெல்லாம் முன்னால் உன் தொட்டியில் இருந்தது அவன் கொண்டுவந்த கடல்தான். கீழ்வீட்டு மாமி அவனைப் பார்த்தாலே, "வந்துட்டான்டி சமுத்திரராஜன்! பெருமாள் பாற்கடல்ல சௌக்கியமா சயனிச்சுண்டிருக்கற ஊர்ல, நீங்க உப்புக்கடலை மாடிக்கு ஏத்தறேளே!" என்பார். அவன் கேனைத் தோளிலிருந்து இறக்காமலே, "அவருக்கும் ஒரு சேஞ்சு வேணாமா மாமி?" என்பான். பெரியவர், சின்னவர் என்று பேர் வைத்ததும் அவன்தான், பங்கு பிரிக்க வந்த அண்ணன் தம்பி மாதிரி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிகிறதுகள் என்று.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான், பரீட்சை எழுதும் பிள்ளைக்குச் சாவு தெரியக் கூடாது. உனக்குத் தயிர்சாதம் எடுத்து வைத்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று சொல்லித் துறையூர் போனேன். என் தம்பிக்கு வாய்க்கரிசி போட்டேன். அங்கேயே தலைக்குக் குளித்து, பஸ்ஸில் தலையைக் காயவைத்து, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் கழிவறைக் கண்ணாடியில் பொட்டு வைத்துக்கொண்டு, சிரித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "மாமா போன் எடுக்க மாட்டேங்கறாரும்மா. பரீட்சைக்கு முன்னாடி எப்பவும் பேசுவாரே" என்றாய். வடக்கே லோடு போயிருக்கிறான், டவர் கிடைக்காது என்றேன். நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாய்.

அவன் போன் என் பையில் இருந்தது. போலீஸில் கொடுத்ததை அப்பா என்னிடம் தந்திருந்தார். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, ஆனால் எரிந்தது. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, அவன் எழுதுவது போலவே எழுதி அனுப்பினேன்: 'மாப்ள கலக்கு. முடிச்சிட்டு வா, கடலுக்குப் போவோம்.' வெளியே உன் போன் சத்தம் கொடுத்தது. "அம்மா! மாமா மெசேஜ் போட்டிருக்காரும்மா!" என்று கத்தினாய். நான் உள்ளே தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ உடனே பதில் அனுப்பினாய். என் கையில் இருந்த அந்த உடைந்த போன் அதிர்ந்தது. அந்த அதிர்வு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

பரீட்சை முடிந்து சொன்னோம். நீ அழவில்லை. விரல் விட்டு நாட்களை எண்ணினாய். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாய்: "அப்ப அந்த மெசேஜ் யாரு போட்டது?" அப்பா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். நீ மறுபடி கேட்கவில்லை. "இனிமே செத்துப்போனா செத்துப்போச்சுன்னு சொல்லுங்கம்மா. ப்ளீஸ்" என்றாய். நான் சரி என்று உன் கையைப் பிடித்தேன். இப்போது சொல்கிறேன்: போட்டது நான்தான். உடம்பைப் பார்க்காததால் உனக்கு அவன் சாகவே இல்லை என்று பல நாள் தோன்றியிருக்கும். வாசலில் லோடு வண்டி சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பாய், நான் கவனித்திருக்கிறேன். அதுவும் என் வேலைதான். பின்னால் என்றாவது யாருக்காவது நீ கெட்ட செய்தி சொல்ல வேண்டி வந்தால், முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு போய் நிற்காதே, அழுத முகத்தோடு போய் நில்.

அவ்வளவு நடந்தும் மறுபடி செய்தேன். பாய் கடைக்கு மூன்று தடவை போனேன். சின்னவருக்கு இடது பக்கத்தில் நடுவெள்ளைக் கோடு பாதியில் அறுந்திருக்குமே, வர்ணம் தீர்ந்துபோனது மாதிரி என்பாயே, அது மாதிரி ஒன்று வேண்டும் என்று நின்றேன். "என்னம்மா, மாப்பிள்ளை பாக்குற மாதிரி முன்னாடி பின்னாடி பாக்குறீங்க!" என்று பாய் கேலி செய்தார். மூன்றாவது தடவை ஒன்று கிடைத்தது. அதே அளவு, அதே இடத்தில் அறுந்த கோடு. ஆனால் வலது பக்கம். இடது பக்கம் கோடு முழுசாக இருந்தது.

அதைக் கொண்டுவந்து விட்டேன். அதற்குள் தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று நீ சொல்லிவிட்டாய். 'சின்னவரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா' என்று கேட்டாய். ஒரு மத்தியானம் முழுக்கக் காத்திருந்து, அது வலப்பக்கம் காட்டி நின்ற நேரத்தில் எடுத்தேன். பிறகு போனில் படத்தை இடம் வலமாகத் திருப்பினேன். அறுந்த கோடு இடப்பக்கம் வந்துவிட்டது. அச்சு அசலாகச் சின்னவர். மீனை மட்டும் பார்த்தேனே தவிர அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அன்று தண்ணீர் மாற்றிய நாள். உன் மாமாவின் கேனில்தான் இன்னும் தண்ணீர் சுமக்கிறேன், அது தொட்டியை ஒட்டி நின்றது. 'கடல். குடிச்சிராத மாப்ள' என்று அவன் மார்க்கரால் எழுதியது அதில் இருக்கிறதே.

ஒரு நிமிஷத்தில் உன் பதில் வந்தது. 'மாமா கையெழுத்து திரும்பி இருக்கும்மா.'

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ எனக்கு எதுவும் எழுதவில்லை. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் எழுத்து வலமிருந்து இடமாக ஓடியது. உள்ளே இருந்து யாரோ கண்ணாடியில் எழுதி வெளியே காட்டுவது போல இருந்தது. அவன் எழுத்தை வைத்து நான் பொய் சொன்னது இரண்டாவது தடவை. இந்தத் தடவை அவனே வந்து காட்டிக்கொடுத்துவிட்டான் என்றுதான் தோன்றியது.

அன்று ராத்திரி இரண்டரை மணிக்குத் தொட்டியின் நீல லைட் தானாக எரிந்தது.

நீ மாட்டி வைத்த அந்த பிளக்கில்தான் லைட் இருக்கிறது, நெட் வழியாகப் போனிலிருந்து போட்டு அணைப்பாயே. காலை ஒன்பதுக்கு எரிந்து ராத்திரி ஒன்பதுக்கு அணையும். அன்று தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன், ஹால் முழுக்க நீலம். பத்து நிமிஷம் எரிந்துவிட்டு அணைந்தது. மறுநாளும் அதே நேரம், அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் எனக்குப் புரிந்தது என்று நினைத்தேன். நீதான். அங்கே தூக்கம் வராமல் படுத்துக்கொண்டு போடுகிறாய். பேச மனசு வரவில்லை, ஆனால் இங்கே ஒரு விளக்கைப் போடுகிறாய். அம்மா எழுந்து பார்ப்பாள் என்று உனக்குத் தெரியும். எனக்கு அது போதும் போல இருந்தது. தினமும் இரண்டேகாலுக்கே எழுந்து இங்கே உட்கார்ந்துவிடுவேன். லைட் எரிந்ததும், "சாப்டியா தம்பி" என்று தொட்டியைப் பார்த்துக் கேட்பேன். பைத்தியம் என்று நினைக்காதே. நினைத்தாலும் பரவாயில்லை.

அந்த வெளிச்சத்தில்தான் இன்னொன்றையும் பார்த்தேன். இதை அப்பாவிடம் சொல்லவில்லை. தொட்டியில் மூன்று மீன் இருந்தது.

புதுசு, வலது மூலைக் கண்ணாடியைப் பார்த்து நின்றது. அதற்கு நேர் எதிரே, மூக்கோடு மூக்கு வைத்து, சின்னவர். அறுந்த கோடு இடது பக்கம். பிறகு படித்த புத்தி வந்தது. பக்கக் கண்ணாடியில் விழும் பிம்பம் அது. வலது பக்கம் அறுந்த மீனின் பிம்பத்தில் அறுப்பு இடது பக்கமாகத்தானே தெரியும்? நான் போனில் செய்த அதே திருப்பத்தைக் கண்ணாடி தானாகச் செய்கிறது. அவ்வளவுதான் விஷயம். பகலில் ஹாலின் வெளிச்சத்தில் அது சரியாகத் தெரிவதில்லை. சுற்றிலும் இருட்டாகி நீலம் மட்டும் எரியும்போது அச்சாகத் தெரிகிறது. எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் பெரியவருக்கு இதை யார் விளக்குவது? பகல் முழுக்கப் புதுசைக் கிட்டே அண்டவிடாமல் துரத்துகிறவர், லைட் எரிந்ததும் அந்த மூலைக்குப் போய், புதுசைத் தாண்டி, பிம்பத்தின் பக்கத்தில் நிற்கிறார். பத்து நிமிஷமும் அங்கேயே நின்று, உடம்பை லேசாக உதறுகிறார், முன்பு சின்னவரிடம் செய்வது போலவே. லைட் அணையும். பிறகு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இப்படியே விட்டிருப்பேன், தம்பி. லைட் நீதான் என்று நம்பிக்கொண்டு, நீயாகப் பேசும் வரைக்கும் காத்திருந்திருப்பேன். ஆனால் நாலு நாளாகத் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டுகிறார்கள். இன்று சாயந்திரம் மாமி மேலே வந்து, "என்னடி, உங்காத்துலயும் நெட் வரலையா? ஞாயித்துக்கிழமையே கேபிளை அறுத்துட்டான்களாம். அமெரிக்காவுல இருக்கற பேத்தி மூஞ்சியைப் பாத்தே நாலு நாளாச்சு" என்றார். நான் போனில் உள்ள நெட்டில்தான் எல்லாம் பார்ப்பேன், வீட்டு நெட் போனதைக் கவனிக்கவே இல்லை. நாலு நாளாக வீட்டில் நெட் இல்லை. நாலு நாளும் லைட் எரிந்தது.

அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்ற விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"நெட் இல்லாட்டி அவனால அங்கேர்ந்து லைட் போட முடியுமா?"

"முடியாது. ஆனா ஒரு தடவை டைம் வெச்சுட்டா அந்த பிளக்கே ஞாபகம் வெச்சுக்கும் டி. நெட் போனாலும் அதுவா எரியும், அதுவா அணையும்."

"அப்ப அவன் எப்ப வெச்சான்? எதுக்கு ரெண்டரைக்கு வெச்சான்?"

"என்னைக் கேட்டா?"

"நேத்து அவன்கிட்ட பேசினீங்களே, லைட்டைப் பத்திக் கேட்டீங்களா?"

"ராத்திரி உங்கம்மா லைட்டோட பேசிட்டு உக்காந்திருக்கான்னு சொல்லவா? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா டி?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மெசேஜ் விஷயத்துல நானும் கூட்டுதான். ஆனா மீனு விஷயம் நீ தனியாப் பண்ணது. நீயே பேசு" என்றார்.

டிரம்மில் உப்பைப் போட்டுவிட்டு யோசித்துக்கொண்டே நின்றேன். பால் மாதிரிக் கலங்கி, மெல்ல மெல்லத் தெளிகிறது. நீ ஒரே ஒரு நாள், கோபத்தில், இந்த நேரத்தை வைத்துவிட்டு மறந்துபோயிருக்கலாம். தினமும் நீ நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்க, இங்கே வெறும் பிளக் ஒன்று எரிந்து அணைந்துகொண்டிருந்திருக்கலாம். அதைப் பார்த்து நான் சாப்டியா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். அல்லது நீ வைக்கவே இல்லையோ என்னவோ, அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை. செத்துப்போன மாமாவின் போனிலிருந்து வந்த மெசேஜைப் பார்த்து நீ சந்தோஷமாகப் பதில் அனுப்பினாயே, அது எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் இருப்பது யார் என்று தெரியாமல் பேசியிருக்கிறோம், நீயும் நானும். உன்னை அப்படிப் பேச வைத்தது நான்.

தொட்டி விஷயம் சொல்லிவிடுகிறேன். இப்போது அந்தக் குழாயில் எண் பார்க்கப் பழகிவிட்டேன், பாய் சொல்லிக்கொடுத்தார். உப்பு சரியான அளவுக்கு இறங்கிவிட்டது. கோட்டுக்குக் கீழே போனால் ஃபில்டர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். வருகிற ஞாயிறு டிரம்மிலிருந்து மாமாவின் கேனில் நாலு நடை, பழைய தண்ணீரைச் சாக்கடையில்தான் விடுகிறேன். முன்பு ஒருமுறை கீழே கொட்டி, "உங்க சமுத்திரம் என் செம்பருத்தியைக் குடிச்சுடுத்துடி" என்று மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். புது மீனுக்குப் பேர் வைக்கவில்லை. சின்னவர் என்று கூப்பிட வாய் வரவில்லை. அதை வைத்துக்கொள்ளவா, பாயிடம் திருப்பிக் கொடுத்துவிடவா என்று நீதான் சொல்ல வேண்டும். உன் தொட்டி அது. இனி உன்னைக் கேட்காமல் எதையும் மாற்றி வைக்க மாட்டேன்.

மணி இரண்டரை ஆகிவிட்டது, தம்பி. லைட் எரிந்துவிட்டது. நெட் இன்னும் வரவில்லை. காகிதமெல்லாம் நீலமாக இருக்கிறது, எழுத்து சரியாகத் தெரியவில்லை, கோணலாகப் போனால் பொறுத்துக்கொள். பெரியவர் கிளம்பி வலது மூலைக்குப் போகிறார். நான் இந்தத் தடவை தொட்டியைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. உன்னிடமே கேட்கிறேன். சாப்பிட்டாயா? தூங்குகிறாயா? இந்த நேரத்தை வைத்தது நீதானா? ஆமாம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, என்னைத் திட்டி எழுதினாலும் சரி, இருப்பதை இருப்பதாக எழுது. உன் கையால் எழுது. கடிதம் கிடைத்த அன்றைக்கே பதில் போடு.

அம்மா